பித்தப்பையை எடுத்த பிறகு என்சைம் மாத்திரை எதற்கு?

பித்தப்பை எந்தச் செரிமான நொதியையும் (என்சைமையும்) சுரப்பதில்லை. அது இருந்தபோதும் சுரக்கவில்லை, அதனால் அதை எடுத்த பிறகு உடம்பில் நொதிப் பஞ்சம் வந்துவிடுவதும் இல்லை.

ஆனால் நடப்பது என்ன? பித்தக்கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாக, பித்தப்பையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர், வயிறு உப்புசமாக இருக்கிறது, சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்று சொன்னதும், "பித்தப்பைதான் இல்லையே, எப்படிச் செரிக்கும்? ஒரு என்சைம் மாத்திரை போடுங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். மருந்துக்கடையிலும் யூடியூபிலும் இதே யோசனைதான். சில சமயம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ஒரு சிரப் எழுதியிருக்கும். கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஒரு செரிமான உறுப்பை எடுத்தாயிற்று, அதற்கு ஈடாக வெளியிலிருந்து ஏதாவது கொடுக்க வேண்டாமா? எடுத்த உறுப்பு செய்துவந்த வேலையும் இந்த மாத்திரை செய்கிற வேலையும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல். மாதக்கணக்கில் காசு போவது ஒரு பக்கம். அதைவிட எனக்குக் கவலை தருவது, இதில் பெரும்பாலான தொந்தரவுகளுக்கு வேறு நல்ல சிகிச்சை இருக்கிறது என்பதும், என்சைம் பாட்டிலை நம்பி அது தள்ளிப்போகிறது என்பதும்தான்.

பித்தநீரை உண்டாக்குவது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பை அதில் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, சாப்பாட்டு நேரம் வரை வைத்திருக்கிறது. அதன் கொள்ளளவே 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். கொழுப்புள்ள உணவு முன்சிறுகுடலுக்குள் நுழைந்ததும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் வெளியாகிறது. அது பித்தப்பையைச் சுருங்கவைக்கிறது, பித்தநாளத்தின் வாயிலில் உள்ள தசையைத் தளர்த்துகிறது, கணையத்தையும் நொதி சுரக்கத் தூண்டுகிறது. இப்படிப் பித்தநீரும் கணைய நீரும் ஒரே வாசல் வழியாகக் குடலுக்குள் வந்து சேருகின்றன.

இரண்டுக்கும் வேலை வேறு. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ, அதைத்தான் பித்த உப்புகள் கொழுப்பிடம் செய்கின்றன. பெரிய கொழுப்புத் துளிகளைப் பொடித் துளிகளாகச் சிதறடித்துத் தண்ணீரோடு கலக்கவிடுகின்றன. அந்தத் துளிகளை வேதியியல் ரீதியாக வெட்டுவது லைப்பேஸ் என்ற நொதி. அதைத் தருவது கணையம். மாவுச்சத்துக்கான அமைலேஸ், புரதத்துக்கான டிரிப்சின் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. பித்தப்பை அறுவை சிகிச்சையில் கணையத்தை யாரும் தொடுவதில்லை. அது முன்பு சுரந்த அளவை அப்படியே சுரந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு, கணையத்துக்கு இயற்கை தாராளமாகவே சேமிப்பு கொடுத்திருக்கிறது. நொதிச் சுரப்பு இயல்பில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை மலத்தில் கொழுப்பு தேங்கத் தொடங்குவதில்லை என்று 1973-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் காட்டினார்கள்.

அப்படியானால் பித்தப்பை போனதும் மாறுவது என்ன? பித்தநீரின் அளவல்ல, அது வரும் நேரமும் வேகமும். முன்பு சாப்பாட்டோடு மொத்தமாகப் பீய்ச்சிய பித்தநீர், இப்போது கல்லீரலில் ஊற ஊறக் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சாப்பிடாத நேரத்திலும் சொட்டும், தூங்கும்போதும் சொட்டும். கெட்டியான பித்தநீர் ஒரே நேரத்தில் கிடைக்காததால் மிக அதிகக் கொழுப்புள்ள ஒரு பெரிய சாப்பாடு சிலருக்குக் கொஞ்ச காலம் கனமாக இருக்கலாம். ஆனால் அன்றாட உணவின் கொழுப்பைச் செரிக்க இந்தச் சொட்டும் பித்தநீர் போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கற்கள் நிறைந்து சுவர் தடித்துப்போன பித்தப்பை, பலருக்கு அறுவைக்கு வெகு முன்பே சரியாகச் சுருங்குவதை நிறுத்தியிருக்கும். அவர்கள் உடம்பு ஏற்கெனவே பித்தப்பை இல்லாமல்தான் வாழப் பழகியிருக்கிறது.

பித்தப்பை இல்லாமல் உயிர் வாழ முடியும் என்பது 17-ஆம் நூற்றாண்டிலேயே நாய்களிடம் செய்த சோதனைகளில் தெரிந்துவிட்டது. குதிரைக்கும் எலிக்கும் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது. மனிதரிடம் இதை முதலில் துணிந்து செய்தவர் பெர்லினைச் சேர்ந்த கார்ல் லாங்கன்புக். 1882 ஜூலை 15 அன்று, 16 ஆண்டுகளாகப் பித்தக்கல் வலியால் தவித்த 43 வயது ஆணின் பித்தப்பையை எடுத்தார். அவர் பிழைத்து, குணமாகி வீடு திரும்பினார். அன்றிலிருந்து இன்றுவரை உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது. 1985-ல் ஜெர்மனியில் எரிஷ் மூஹே லேப்ராஸ்கோப்பி முறையைத் தொடங்கிவைத்த பிறகு, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடும் அளவுக்கு எளிதாகிவிட்டது. இத்தனை பேரில் மிகப் பெரும்பாலானோர் எந்த என்சைமும் இல்லாமல் சாதாரணமாகச் சாப்பிட்டு வாழ்கிறார்கள்.

தொந்தரவு எங்கிருந்து வருகிறது

ஆனாலும் சிலருக்கு வயிறு சரியாக இருப்பதில்லை என்பது உண்மை. அவர்கள் சொல்வதை "மனப்பிரமை" என்று ஒதுக்குவது தவறு. அறுவைக்குப் பின் வயிற்றுப்போக்கு தொடர்வது சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு நடக்கிறது. ஆய்வுக்கு ஆய்வு இந்த எண்ணிக்கை மாறினாலும், அபூர்வமான பிரச்சினை என்று சொல்ல முடியாது.

காரணம் பெரும்பாலும் பித்த அமிலங்கள், அதாவது மேலே சொன்ன பித்த உப்புகள்தான். அவை ஒருமுறை வேலை செய்துவிட்டு வெளியேறுபவை அல்ல. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுமார் 95 சதவீதம் மீண்டும் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போய், மறுபடி பித்தநீரில் கலந்து குடலுக்கு வருகின்றன. நாளொன்றுக்குப் பல முறை இந்தச் சுழற்சி நடக்கிறது. பித்தப்பை இல்லாதபோது சேமித்து வைக்கும் இடம் போய்விடுவதால் சுழற்சி இன்னும் அடிக்கடி நடக்கிறது. சிலருக்குச் சிறுகுடலால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. உறிஞ்சப்படாமல் தப்பிய பித்த அமிலம் பெருங்குடலுக்குள் போய்விடுகிறது. பெருங்குடல் அதைத் தாங்கும் இடமல்ல. அதன் சுவர் நீரைச் சுரக்கத் தொடங்குகிறது, அசைவும் கூடுகிறது. விளைவு, தண்ணீராக, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், எரிச்சலோடு, அடக்க முடியாத அவசரத்தோடு வரும் பேதி. இரவு முழுவதும் சொட்டிய பித்தநீர் சிறுகுடலில் காத்திருப்பதால், காலை இட்லியோ காபியோ உள்ளே போன சற்று நேரத்தில் தொந்தரவு தொடங்குவதாகப் பலர் சொல்வார்கள்.

இதில் நொதிக் குறைபாடு எங்கேயும் இல்லை. கொழுப்பு செரிந்துவிட்டது, சோறு செரிந்துவிட்டது. பித்த அமிலம் இருக்கக் கூடாத இடத்தில் அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு லைப்பேஸோ அமைலேஸோ கொடுத்து என்ன ஆகப்போகிறது? அதைவிட மோசமானது, வெளிநாட்டு இணையதளங்களைப் பார்த்து இங்கும் சிலர் வரவழைக்கும் மாட்டுப் பித்த மாத்திரை. "பித்தப்பை இல்லாதவர்களுக்கானது" என்றே அதை விற்கிறார்கள். பித்த அமிலம் மிஞ்சியதால் பேதி ஆகிறவருக்கு மேலும் பித்தத்தைக் கொடுத்தால் பேதி கூடத்தான் செய்யும்.

இந்தப் பேதிக்கு மருந்து இருக்கிறது. பித்த அமிலத்தைக் குடலுக்குள்ளேயே பிடித்துக் கட்டிவைக்கும் கொலஸ்டைரமின் தூள், அதே வகையைச் சேர்ந்த கொலிசெவலாம் மாத்திரை. பொருந்துகிறவர்களுக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரியும். பல ஆண்டுகளாகப் பேருந்தில் ஏறவே பயந்தவர்கள் இதனால் நிம்மதியாக வெளியூர் போய்வருகிறார்கள். கொலஸ்டைரமின் மணல்போல் நெருடும், குடிக்கச் சுகமாக இருக்காது. எல்லாக் கடையிலும் கையிருப்பில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வேறு மருந்துகளையும் அது குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் தைராய்டு, இதய நோய் மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டும். நெடுநாள் எடுப்பவர்களுக்குக் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் குறையக்கூடும். எனவே மருத்துவர் எழுதித்தான் தொடங்க வேண்டும். தொந்தரவு லேசாக இருந்தால், இசப்கோலை மோரில் கலந்து குடிப்பதே சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது. அது மலத்தைக் கெட்டிப்படுத்துகிறது.

நம் ஊரில் இன்னொரு காரணமும் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. பித்தக்கல் வருகிறவர்களில் பலருக்குச் சர்க்கரை நோயும் இருக்கும், மெட்ஃபார்மின் எடுப்பார்கள். மெட்ஃபார்மினுக்கே பேதி ஒரு பக்கவிளைவு. அறுவைக்குப் பின் அந்த மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தால், பழியைப் பித்தப்பை மேல் போடுவதற்கு முன் அதையும் பார்க்க வேண்டும்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

கடையில் கிடைக்கும் செரிமான சிரப்பின் லேபிளைத் திருப்பிப் படித்தால், பெரும்பாலும் முதலில் இருப்பது ஃபங்கல் டயஸ்டேஸ், அப்புறம் புரதத்தை வெட்டும் பெப்சின். மாத்திரைகளில் பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பேன், கரி, வாயுவைக் கலைக்கும் சிமெத்திகோன் எல்லாம் சேர்ந்திருக்கும்.

டயஸ்டேஸுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே, சாக்கே மதுவுக்கு அரிசியை நொதிக்கவைக்கும் பூஞ்சையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 1894-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். டாகா டயஸ்டேஸ் என்ற பெயரில் அது உலகமெங்கும் அஜீரண மருந்தாக விற்றது. நூறாண்டுக்கு மேலாகியும் அதன் வாரிசுகள்தான் நம் அலமாரியில் நிற்கின்றன. ஆனால் அது வெட்டுவது மாவுச்சத்தை. பித்தப்பை இல்லாதவருக்குச் சோறும் இட்லியும் செரிப்பதில் எந்தக் குறையும் கிடையாது. உமிழ்நீரிலும் கணைய நீரிலும் அதற்கான அமைலேஸ் தாராளமாக இருக்கிறது. கொழுப்பு செரிக்கவில்லை என்று நினைத்து வாங்குகிறோம், கையில் கிடைப்பதோ மாவுச்சத்து நொதி.

பெப்சின் கதை இன்னும் சங்கடமானது. அது கடுமையான அமிலத்தில்தான் வேலை செய்யும். அறுவைக்குப் பின் பலருக்கு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை எழுதப்படுகிறது. ஒரு மருந்து அமிலத்தை அடக்க, அமிலம் இருந்தால்தான் இயங்கும் மற்றொன்றை அதே நாளில் கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது? அதோடு, நம் வயிறு தானே வேண்டிய அளவு பெப்சினைச் சுரக்கிறது. கரியும் கவனிக்க வேண்டிய ஒன்று. அது சேர்ந்துவரும் வேறு மருந்துகளையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

நொதி மாத்திரை என்றாலே வீண் என்று நான் சொல்லவில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லாக்டேஸ் நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அவர் குடலில் அந்த நொதிதான் குறைவு. எந்த நொதி குறைகிறதோ அதை, போதிய அளவில், சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் பலன் உண்டு. பித்தப்பை எடுத்தவரிடம் அந்த முதல் நிபந்தனையே பொருந்துவதில்லை.

"எனக்கு என்சைம் மாத்திரை சாப்பிட்டதும் நன்றாக இருந்ததே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அறுவைக்குப் பிந்தைய உப்புசமும் பேதியும் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். மருந்து எடுக்கத் தொடங்குகிறவர் வடையையும் பரோட்டாவையும் குறைத்திருப்பார், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டிருப்பார். அதுவும் உதவியிருக்கும். நம்பிக்கையின் பங்கும் சின்னதல்ல. பித்தப்பை எடுத்த பிறகும் வயிற்று வலி தொடர்ந்த 214 பேரிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து 2014-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்குப் பித்தநாள வாயிலின் தசையை எண்டோஸ்கோப்பி மூலம் வெட்டினார்கள். மற்றவர்களுக்கு எண்டோஸ்கோப்பி மட்டும் செய்து, தசையை வெட்டாமல் விட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வெட்டியவர்களில் 23 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். வெட்டாதவர்களில் தேறியவர்கள் 37 சதவீதம்.

அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. பித்தப்பை போன பிறகும் தொடரும் வலி எல்லாம் பித்தம் சம்பந்தப்பட்டதல்ல. நெதர்லாந்தில் பித்தக்கல்லும் வயிற்று வலியும் இருந்த 1067 பேரைக் கண்காணித்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. இவர்களில் பெரும்பாலானோருக்குப் பித்தப்பை எடுக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் வலியே இல்லாமல் இருந்தவர்கள் 56 முதல் 60 சதவீதம்தான். அல்சர், நெஞ்செரிச்சல், எரிச்சல் குடல் நோய் இவற்றால் வந்த வலிக்கு ஸ்கேன் எடுக்கும்போது, கூடவே ஒரு கல்லும் தெரிந்துவிடுகிறது. கல்லை எடுக்கிறார்கள், வலி அப்படியே இருக்கிறது. என்சைம் பாட்டில் இந்தக் குழப்பத்தின் மேல் போர்த்தப்படும் இன்னொரு திரை.

யாருக்கு உண்மையிலேயே வேண்டும்

கணையம் கெட்டுப்போனவர்களுக்கு நொதி மருந்து உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். பித்தக்கல் நழுவிக் கணைய நாளத்தின் வாயை அடைத்து, கடுமையான கணைய அழற்சி வந்து, கணையத்தின் ஒரு பகுதி அழுகிப்போனவர்கள் இதில் வருவார்கள். பித்தப்பையும் எடுத்திருப்பார்கள், நொதிக் குறையும் இருக்கும். ஆனால் குறை வந்தது கணையத்தால். புற்றுநோய்க்காகக் கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் அறுவையிலும் பித்தப்பையைச் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். "அவருக்கும் பித்தப்பை எடுத்தாங்க, அவர் என்சைம் சாப்பிடுறாரே" என்று உறவினர்கள் ஒப்பிடுவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான். அப்புறம், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்கு வரும் கணையக் கல் நோய். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் 1960-களில் விரிவாக ஆராய்ந்த இந்நோயில் சர்க்கரையும் சேர்ந்து வரும். கணையக் கல்லையும் பித்தக் கல்லையும் ஒன்றென நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

நொதி உண்மையில் குறைந்தால் மலம் வேறு மாதிரி இருக்கும். வெளிறி, பசைபோல், எண்ணெய் மிதக்க, நாற்றத்தோடு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொள்ளும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். சந்தேகம் இருந்தால் மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்கும் பரிசோதனை உண்டு. ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கணையக் குறைபாடாக இருக்கலாம். ஆனால் தண்ணீராகப் போகும் மலத்தில் இந்த அளவு நீர்த்துப்போய்ப் பொய்யாகக் குறைந்து காட்டும். பித்த அமிலப் பேதி இருப்பவருக்கு இந்தத் தவறான முடிவு வர நல்ல வாய்ப்பிருக்கிறது. எனவே ஓரளவு கெட்டியான மாதிரியைக் கொடுப்பதுதான் சரி.

உறுதியானால் கொடுப்பது பன்க்ரியாட்டின் கேப்ஸ்யூல். வயிற்று அமிலத்தில் அழியாதபடி பூச்சுள்ள சிறு உருண்டைகளாக லைப்பேஸ் அதற்குள் இருக்கும். பெரியவர்களுக்கு முக்கிய உணவு ஒவ்வொன்றுக்கும் 40,000 முதல் 50,000 யூனிட் லைப்பேஸில் தொடங்குவது வழக்கம், சிற்றுண்டிக்கு அதில் பாதி. சாப்பிடும் போதே, முதல் வாயோடு தொடங்கிப் பிரித்து விழுங்க வேண்டும். உணவு முடிந்து அரை மணி நேரம் கழித்துப் போட்டால் வீண். மருந்துக்கடை சிரப்பில் லைப்பேஸே இருக்காது என்பதையும் இந்த அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே பெயரைத் தாங்கிய வெவ்வேறு பொருள்கள் என்பது விளங்கும். பன்க்ரியாட்டின் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவுக்காரர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இதை மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தெரிந்து முடிவெடுப்பது அவர்கள் உரிமை.

சாதாரணமாகப் பித்தப்பை எடுத்தவர் முதல் சில வாரங்களுக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரே வேளையில் பிரியாணியோ நெய் வழியும் பொங்கலோ நிறையச் சாப்பிடாமல், கொழுப்பைப் பல வேளைகளுக்குப் பிரித்துக்கொள்வது நல்லது. நீண்ட நேரம் பட்டினி கிடந்துவிட்டு ஒரேயடியாகச் சாப்பிடுவதைத் தவிர்க்கலாம். காலம் முழுக்கத் தேங்காய்ச் சட்னியைத் துறக்கத் தேவையில்லை. பேதி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், "பித்த அமிலப் பேதியாக இருக்குமா?" என்று மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப் போவது, குளிரோடு காய்ச்சல், மேல்வயிற்றில் முதுகுவரை பாயும் வலி, மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. பித்தநாளத்தில் கல் தங்கியிருக்கலாம், நாளம் சுருங்கியிருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

ஏற்கெனவே டயஸ்டேஸ் சிரப்போ கலவை என்சைம் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள், அதை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் வயிறு எப்படி இருக்கிறது என்று கவனிக்கலாம். மாற்றமில்லை என்றால் அது தேவைப்படவில்லை. தொந்தரவு கூடினால், கூடிய விதத்தைக் குறித்துக்கொண்டு குடல்நோய் மருத்துவரைப் பார்க்கலாம். கணைய நோய்க்காகப் பன்க்ரியாட்டின் எழுதித் தரப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.